பனிமலைச் சுற்றுலா: சறுக்கத் தெரியாதவர்களையும் கணக்கில் எடுத்துத் திட்டமிடுங்கள்

ஆண்டு இறுதி விடுமுறைக்கு இம்முறை ஐரோப்பாவில் பனி பார்க்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், எவ்வளவு செலவாகும் என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஐந்து பேர் போகும் குடும்பத்தில் பனிச்சறுக்கு ஆசை பெரும்பாலும் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் இருக்கும். அம்மாவும் அப்பாவும் பாட்டியும் ஏழு நாளும் அங்கே என்ன செய்வார்கள்?

இதை யோசிக்காமல் உயரமான மலையில் சறுக்கு வீரர்களுக்காகவே கட்டிய விடுதியில் அறை எடுத்தவர்கள், பல ஆண்டு சேமிப்பைக் கொட்டிவிட்டு சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து திரும்ப வேண்டியிருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு ஏரிக்கரை ஊர்களே பொருத்தம். அங்கே சமதரையில் நடக்கலாம். கடைத்தெருவும் ரயில் நிலையமும் இருக்கும். மலையும் பக்கத்திலேயே இருக்கும். அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்றான ஆஸ்திரியாவின் ட்செல் ஆம் ஸேயை எடுத்துக்கொண்டு, திட்டமிடும் முறையைப் பார்ப்போம்.

ஊரின் அமைப்பு

ஜெர்மன் மொழியில் ‘ஸே’ என்றால் ஏரி. ‘ட்செல்’ என்பது துறவியர் தங்கிய சிற்றறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சால்ஸ்பர்க் மாநிலத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 757 மீட்டர் உயரத்தில் இந்த ஊர் இருக்கிறது. ஏரி ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். ரயில் நிலையம் ஏரிக்கரையிலேயே உள்ளது. அங்கிருந்து கடைத்தெருவுக்குச் சில நிமிட நடைதான்.

ஊருக்கு மேலே ஷ்மிட்டன்ஹோஹே என்ற மலை, 1,965 மீட்டர். நம் கெந்திங் மலையைவிடக் கொஞ்சம்தான் உயரம். கெந்திங்கில் குளிர்சட்டை போதும். இங்கே பனி குவிகிறது. காரணம், இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 47 பாகையில் இருப்பது. இந்த மலைக்கு 1927 கடைசியிலேயே கம்பிவட ஊர்தி வந்துவிட்டது.

சில கிலோமீட்டர் தள்ளி கப்ரூன் என்ற சிற்றூர். அதன் மேல் கிட்ஸ்டைன்ஹோர்ன் சிகரம், 3,203 மீட்டர். அங்கே பனியாறு இருப்பதால், கீழே ஊரில் பனி இல்லாத மாதங்களிலும் மேலே சறுக்கலாம். ஆஸ்திரியாவில் பனியாற்றின் மேல் அமைந்த முதல் சறுக்குத் தளம் இதுதான், 1965இல் தொடங்கியது. 757 மீட்டரில் ஏரிக்கரை, 3,000 மீட்டரில் பனியாறு என இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் இந்த ஊரின் வசதி.

எந்த மாதம்?

நம் விடுமுறையும் அவர்களின் பனிக்காலமும் அழகாகப் பொருந்துவதில்லை.

தீபாவளியை ஒட்டியும் நவம்பர் இறுதியில் தொடங்கும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையிலும் போனால், பனியாற்றில் மட்டுமே உறுதியாகப் பனி கிடைக்கும். ஏரிக்கரை ஈரமாக, சாம்பல் நிறமாக இருக்கலாம். படங்களில் பார்த்த வெண்மை அப்போது ஊருக்குள் இருக்காது.

டிசம்பர் முதல் பாதியில் ஷ்மிட்டன்ஹோஹேயின் தளங்கள் திறக்கத் தொடங்கும். செயற்கைப் பனியும் தெளிப்பார்கள். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை விலை உச்சத்தில் இருக்கும், கூட்டமும் அதிகம். முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்திலேயே போய்த் திரும்புங்கள். கிறிஸ்துமஸ் சந்தையையும் பார்க்கலாம், அறை வாடகையும் குறையும்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதி நல்லது. பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டுக் கிளம்பலாம். பனியும் கூடுதல், கூட்டமும் குறைவு. பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் வருவதால் விலை மறுபடியும் ஏறும். மார்ச்சில் வெயில் இதமாக இருக்கும். ஆனால் தாழ்வான சரிவுகளில் பிற்பகலில் பனி கூழாகிவிடும். காலையில் சறுக்கி முடித்துவிட வேண்டும்.

ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பலர் போக ஆசைப்படும் கிராஸ்குளொக்னர் மலைச்சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். பொதுவாக மே முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் அது திறந்திருக்கும்.

கடப்பிதழும் நுழைவும்

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும்.

இங்கே பல குடும்பங்கள் தடுமாறுவது வேறிடத்தில். விசா தேவையா என்பதை முடிவு செய்வது நீங்கள் வைத்திருக்கும் கடப்பிதழ். வசிக்கும் நாடு அன்று. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தாலும், மலேசியாவில் சிவப்பு அடையாள அட்டையுடன் முப்பது ஆண்டு வாழ்ந்திருந்தாலும், இந்தியக் கடப்பிதழ் என்றால் ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். குடும்பத்தில் நான்கு பேருக்கு விசா வேண்டாம், பாட்டிக்கு மட்டும் வேண்டும் என்ற நிலை வரக்கூடும். ஆகவே விமானச் சீட்டு வாங்கும் முன்பே எல்லாருடைய கடப்பிதழையும் மேசையில் வைத்துப் பாருங்கள்.

2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. அடுத்த விமானத்துக்கோ ரயிலுக்கோ போதிய இடைவெளி விடுங்கள். விசா தேவைப்படாதவர்களுக்கான ‘எதியாஸ்’ என்ற இணைய முன்அனுமதியும் வரவிருக்கிறது. உங்கள் பயணத் தேதிக்கு அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள்.

போய்ச் சேரும் வழி

மூனிக் அல்லது வியன்னாவில் இறங்கி ரயிலில் போவது எளிது. இரண்டு வழியும் சால்ஸ்பர்க் நகரைத் தொட்டே போகும். மூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம்; வியன்னாவிலிருந்து இரண்டரை மணி நேரம். சால்ஸ்பர்க்கிலிருந்து ட்செல் ஆம் ஸே ஒன்றரை மணி நேரம். ஆஸ்திரிய ரயிலில் ‘ஸ்பார்ஷீனே’ எனப்படும் முன்பதிவுச் சலுகைச் சீட்டுகள் உண்டு. முந்தி வாங்கினால் மலிவு. ஆனால் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற முடியும். விமானம் தாமதமானால் அது வீணாகும். வரும்போது சாதாரணச் சீட்டும் திரும்பும்போது சலுகைச் சீட்டும் எடுப்பது பாதுகாப்பு.

வாடகைக் கார் எடுப்பவர்கள் மூன்றை நினைவில் வைக்கவும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனி கிடக்கும் சாலையில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டண வில்லை வேண்டும். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் ரயிலிலேயே போங்கள். ஊருக்குள் சறுக்குப் பேருந்து ஓடுகிறது. 2025 மே முதல், சால்ஸ்பர்க் மாநில விடுதிகளில் தங்குவோருக்கு அந்த மாநிலப் பொதுப் போக்குவரத்துக்கான விருந்தினர் சீட்டும் கிடைக்கிறது. விடுதியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே போகிறது?

கணக்குப் போட ஒரு யூரோவை 5 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளலாம். உச்சப் பருவத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் சறுக்குச் சீட்டு 70 யூரோவைத் தாண்டும். அதாவது 350 ரிங்கிட்டுக்கு மேல். இதைக் கேட்டு மலைப்பதற்கு முன் ஓர் உண்மை: முதல் நாளிலேயே இந்தச் சீட்டு யாருக்கும் தேவையில்லை.

சுற்றுலா விளம்பரங்கள் 400 கிலோமீட்டருக்கு மேல் சறுக்குப் பாதை என்று சொல்லும். அது பக்கத்துச் சால்பாஹ் பள்ளத்தாக்கையும் சேர்த்த பெரிய சீட்டுக்கு. புதிதாகப் பழகுபவர் முதல் மூன்று நாளும் இருநூறு மீட்டர் சரிவிலேயே விழுந்து எழுந்துகொண்டிருப்பார். அவருக்குப் பயிற்சித் தளத்துக்கான குறைந்த கட்டணச் சீட்டு போதும். கப்ரூனில் லெக்னர்பெர்க் என்ற சிறு தளம் இதற்கென்றே இருக்கிறது. ட்செல் ஆம் ஸே பக்கமும் பயிற்சிச் சரிவுகள் உண்டு.

மிச்சமாகும் பணத்தைச் சறுக்குப் பள்ளியில் போடுங்கள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் சொன்னால் கேட்காதீர்கள். சறுக்குவதைவிட நிற்பதுதான் கடினம். பாதுகாப்பாக விழவும் சொல்லித் தர வேண்டும். குழு வகுப்புகள் காலையும் மாலையும் நடக்கும்; ஆங்கிலம் பேசும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் வகுப்பு என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்குக் கட்டை, காலணி, தலைக்கவசம் எல்லாமே அங்கே வாடகைக்குக் கிடைக்கும். வாங்க வேண்டாம். சால்ஸ்பர்க் மாநிலத்தில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்களும் அணிவதே நல்லது.

வாடகைக் கடையில் கூச்சம் வேண்டாம்

கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, அனுபவம் நான்கையும் கேட்பார். பலர் எடையைக் குறைத்துச் சொல்வார்கள். இளைஞர்கள் அனுபவத்தைக் கூட்டிச் சொல்வார்கள். இரண்டும் ஆபத்து. விழும்போது காலணி கட்டையிலிருந்து தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை அந்த விவரங்களை வைத்தே திருகுகிறார்கள். தவறான விவரம் தந்தால், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும், அல்லது கழலக் கூடாத நேரத்தில் கழன்றுவிடும்.

காலுறை ஒன்றுதான் போட வேண்டும். குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் விறைக்கும். உள்ளே பருத்தி பனியனும் ஜீன்சும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் பருத்தி காயாது. உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது விளையாட்டுக்கான செயற்கை இழைத் துணியே உள்ளாடைக்கு ஏற்றது.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். புதுப் பனி, புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். வெயில் களிம்பும் கறுப்புக் கண்ணாடியும் பாட்டிக்கும் வேண்டும்.

காப்புறுதி: படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்

சுற்றுலாவில் ஏற்படக்கூடிய மிகப் பெரிய பண இழப்பு இங்கேதான். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் பனிச்சறுக்கு விபத்து சேராது. தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். ஆஸ்திரிய மலைகளில் கால் முறிந்து ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் சென்றால், அந்தக் கட்டணம் அடிபட்டவர் தலையில்தான் விழும். அது ஆயிரக்கணக்கான யூரோ ஆகும்.

முகவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: குளிர்கால விளையாட்டு சேருமா? மலை மீட்பும் ஹெலிகாப்டரும் சேருமா? குறியிட்ட பாதைக்கு வெளியே சறுக்கினால் என்ன ஆகும்? வயது வரம்பு எவ்வளவு? நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் முன்பே இருந்தால் அதைத் தெரிவித்திருக்கிறோமா? மது அருந்திவிட்டுச் சறுக்கினால் பல நிறுவனங்கள் கைவிரித்துவிடும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை, அழுத்தம் உள்ளவர்களுக்கு

நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. வெளியே போகும்போது முதுகுப் பையில் வைக்காமல், மேல்சட்டைக்கு உள்ளே உடலோடு ஒட்டி வையுங்கள். சர்க்கரை சோதிக்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும். அறைக்குள் வந்து சோதியுங்கள். பழக்கமில்லாத உடலுழைப்பால் சர்க்கரை திடீரென இறங்கலாம். சட்டைப் பையில் இனிப்பு இருக்கட்டும்.

குளிர் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். கிட்ஸ்டைன்ஹோர்னின் மேல் நிலையம் 3,029 மீட்டரில் உள்ளது. பள்ளத்தாக்கிலிருந்து கம்பிவட ஊர்தியில் குறைந்த நேரத்தில் அவ்வளவு உயரம் போய்விடுவதால், இதயநோய் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். மருந்துகளை அதன் பெட்டியோடும் மருத்துவர் கடிதத்தோடும் கைப்பையில் கொண்டுபோங்கள்.

சறுக்காதவர்களின் ஏழு நாள்

ஏரியை முழுதும் சுற்றி நடந்தால் சுமார் 11 கிலோமீட்டர். பாதை பெரும்பாலும் சமதரை. பாட்டியோடு அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். காலணிக்கு அடியில் மாட்டும் சிறு முள்பட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் வழுக்காது.

சில குளிர்காலங்களில் ஏரி உறையும். மேலே வெள்ளைத் திடல்போலத் தெரிந்தாலும், ஊராட்சி அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டதாக அறிவிக்காதவரை ஓரடியும் வைக்கக் கூடாது. ஏரியின் ஆழமான பகுதி 60 மீட்டருக்கு மேல். பனிக்கட்டி எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருப்பதில்லை.

சறுக்காதவர்களுக்கான தனிச் சீட்டில் ஷ்மிட்டன்ஹோஹேக்குக் கம்பிவட ஊர்தியில் போய் வரலாம். வானம் தெளிந்த நாளில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட முப்பதுக்கும் அதிகமான சிகரங்கள் தெரியும். கிட்ஸ்டைன்ஹோர்ன் மேல் நிலையத்தில், மலைக்குள் குடைந்த நடைபாதை வழியே போய் ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரமான 3,798 மீட்டர் கிராஸ்குளொக்னரைப் பார்க்கலாம். ஒரு நாள் ரயிலில் சால்ஸ்பர்க் நகரம் போய் வரலாம். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். எதுவானாலும் காலையிலேயே கிளம்புங்கள்.

கப்ரூன் போகிறவர்கள் கிட்ஸ்டைன்ஹோர்ன் அடிவாரத்தில் ஒரு நினைவிடத்தைக் காண்பார்கள். 2000 நவம்பர் 11 அன்று, மலைச் சுரங்கத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த சறுக்கு ரயில் தீப்பிடித்து 155 பேர் மாண்டார்கள். ரயிலிலிருந்து 12 பேர் மட்டுமே தப்பினார்கள். புகை மேல்நோக்கி எழும் என்பதால் அவர்கள் நெருப்பைக் கடந்து கீழ்நோக்கி இறங்கினார்கள். அந்த ரயில் அதன்பின் பயணிகளை ஏற்றவே இல்லை. சிறிது நேரம் அங்கே நின்று வாருங்கள்.

சாப்பாடு

சமையலறை உள்ள அடுக்ககம் எடுத்தால் பாதிச் செலவுக் கவலை தீரும். மசாலாத்தூள் கொண்டுபோகலாம். ஆனால் இறைச்சி, பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. நெய்யும் அதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்கி வையுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சூப்பில் கவனமாக இருங்கள். அங்கே காய்கறி போட்ட தெளிவான சூப்பும் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறுதான். உணவுப் பட்டியலில் ‘ரிண்ட்’ என்றால் மாடு, ‘ஷ்வைன்’ என்றால் பன்றி. ‘ஓனெ ஃப்ளைஷ்’ என்றால் இறைச்சி இல்லாமல். அந்த வட்டாரத்துப் பாலாடைக்கட்டி உருண்டையான ‘காஸ்நொக்கன்’ இறைச்சி இல்லாத உணவு; முட்டை சேரும். ‘கெர்ம்க்னோடல்’ என்பது நம் ஊர் பாவ் போலவே ஆவியில் வெந்து, உள்ளே பிளம் பழக்கூழ் வைத்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அவசர எண்கள்

மலை மீட்புக்கு 140, மருத்துவ ஊர்திக்கு 144, ஐரோப்பா முழுவதற்குமான பொது எண் 112. எல்லார் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். சறுக்குப் பாதைகளில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் முறை போகிறவர்கள் நீலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் விலகிப் போக வேண்டும்.

முன்பணம் கட்டும் முன்

குடும்பமாக உட்கார்ந்து ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எல்லாருடைய கடப்பிதழும் சரியா? காப்புறுதியில் சறுக்கும் மலை மீட்பும் இருக்கிறதா? போகும் வாரத்தில் ஊரில் பனி இருக்குமா, பனியாற்றில் மட்டுமா? பழகுபவர்களுக்குப் பயிற்சி வகுப்பு பதிவாகிவிட்டதா? சறுக்காதவர்களுக்கு ஒவ்வொரு நாளும் என்ன?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அறைப் பதிவை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். பதில் கிடைத்தபின் கட்டினால் போதும். இடைப்பட்ட நாள்களில் மின்தூக்கியை விட்டுவிட்டு மாடிப்படி ஏறிப் பழகுங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கினால், முதல் நாள் சறுக்கியபின் மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியும்.